லட்சுமிகாந்தன் கொலையும் எட்டாம் பக்கமும்

எங்கள் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயில் ராமநவமி உற்சவத்துக்குப் பேரன் வந்திருந்தான். சென்னையில் படிக்கிறான். மூட்டை மூட்டையாகத் தானியமும், காணிக்கைக்கு ஓட்டி வந்த மாடு கன்றுகளும், பஸ்ஸில் வந்து இறங்கிய கூட்டமுமாக எப்போதும் போல ஊர் கொள்ளவில்லை. கடைத்தெருப் பக்கம் ஒலிபெருக்கி கட்டியிருந்த புண்ணியவான் ஒருவர் திடீரென்று ‘ஹரிதாஸ்’ படத்துப் பாட்டைப் போட்டார். பாகவதர் குரல். நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என் மேல் இடித்து, “பெரியவரே, ஓரமா நின்னு கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேரன் பக்கத்தில்தான் இருந்தான். காதில் அவனுடைய கருவி. அவன் என்ன கேட்கிறான் என்று விசாரித்தேன்.

“ராப் தாத்தா. டூபாக்னு அமெரிக்காக்காரர்.”

“இருக்காரா?”

“சுட்டுட்டாங்க. 1996ல. யார் சுட்டாங்கன்னு இருபத்தேழு வருஷம் யாரையும் பிடிக்கல.”

“நம்ம பாட்டுக்காரருக்கும் ஒரு கொலைக் கேஸ் உண்டுடா.”

“இவரையும் கொன்னுட்டாங்களா?”

“இல்லை. இவர் கொன்னார்னாங்க.”

அவன் காதிலிருந்து கருவியை எடுத்தான். அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதைத்தான், கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கு என்றால் உங்கள் வீட்டிலும் ஒரு கதை இருக்கும்.

எங்கள் வீட்டுக் கதை என் தாய்மாமாவுடையது. பாகவதர் கிராப் வைத்து, கழுத்து வரை முடி விட்டு, ஜரிகைத் துண்டு போட்டுக்கொண்டு அரியலூர்க் கடைவீதியில் நடந்தவர். 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வந்தது. அக்டோபர் 16. மாமா திருச்சிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுவாரம் மறுபடி போனார். மூன்றாம் முறை போகக் காசில்லை என்று என் பாட்டியின் அண்டாவை அடகு வைத்த சம்பவம் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம்.

அந்தப் படம் வெளிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரியில் சி. என். லட்சுமிகாந்தன் என்பவர் கை ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் விடியற்காலை ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

யார் இந்த லட்சுமிகாந்தன்? இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்வதானால், வதந்தியை விற்றுப் பிழைத்தவர். ‘சினிமா தூது’ என்று ஒரு பத்திரிகை. நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் என்று எதையாவது எழுதுவது. எழுதாமல் இருக்கப் பணம் வாங்குவது. இதற்கு முன்பே மோசடிக் குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போனவர், அந்தமான் வரை பார்த்துவிட்டு வந்தவர். யுத்தகாலத்தில் பத்திரிகை நடத்த லைசென்ஸ் வேண்டும். தியாகராஜ பாகவதரும், என். எஸ். கிருஷ்ணனும், கோயமுத்தூர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்து ‘சினிமா தூது’வின் லைசென்ஸை ரத்து செய்ய வைத்தார்கள். மனுஷர் ஓயவில்லை. ‘இந்து நேசன்’ என்ற பத்திரிகையை எடுத்து அதில் ஆரம்பித்தார். இந்த முறை சினிமாக்காரர்களோடு நிற்காமல் ஊரில் பெரிய மனிதர்கள் பலரைப் பற்றியும் எழுதினார். நல்ல விற்பனை. கண்டனம் செய்தவர்களும் காசு கொடுத்து வாங்கிப் படித்துவிட்டுத்தான் கண்டனம் செய்தார்கள்.

ஆக, அவர் செத்தால் சந்தோஷப்படக்கூடியவர்கள் சென்னைப் பட்டணத்தில் ஒரு தெரு நிறைய இருந்தார்கள். போலீசுக்குக் கஷ்டமான வேலைதான். ஆனால் கைதானவர்களில் ஊர் உலகம் அறிந்த பெயர்கள் மூன்று: கவர்னரிடம் மனுக் கொடுத்த அதே மூவர். மனுவில் கையெழுத்து இருக்கிறது, விரோதம் இருக்கிறது, எனவே ஏவியவர்கள் இவர்கள்.

பாகவதரோ கிருஷ்ணனோ கத்தி பிடித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. குத்தியவர்கள் வேறு ஆட்கள். இவர்கள் சதி செய்து ஏவினார்கள் என்பதே வழக்கு. கத்திக்குத்துக்குச் சாட்சி தெருவில் இருக்கலாம். சதிக்குச் சாட்சி அறைக்குள்தான் இருக்கும். அதனால் அப்ரூவர் தேவைப்படுகிறார். குற்றத்தில் நானும் கூட இருந்தேன் என்று சொல்லி, மன்னிப்பு வாங்கிக்கொண்டு, மற்றவர்களைக் காட்டிக்கொடுப்பவர். அப்படி ஒருவர் இந்த வழக்கிலும் வந்தார். சட்டம் அப்ரூவர் பேச்சை ஏற்கிறது. அதே சட்டம் வேறோர் இடத்தில், வேறு ஆதாரம் இல்லாமல் அவன் பேச்சை நம்பாதே என்றும் சொல்கிறது.

சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி மாக்கெட் முன்னால் விசாரணை. ஒன்பது பேர் ஜூரி. ஸ்ரீராமுலு நாயுடுவுக்காக பம்பாயிலிருந்து கே. எம். முன்ஷி வந்து வாதாடினார், நாயுடு விடுதலையானார். 1945 மே 3ஆம் தேதி, ஜூரிகளில் ஆறு பேர் குற்றவாளி என்றும் மூன்று பேர் இல்லை என்றும் சொல்ல, பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் தீவாந்திர தண்டனை. ஆறுக்கு மூன்று! எங்கள் கிராமத்துப் பஞ்சாயத்தில் ஆடு திருடின வழக்கில்கூட ஒன்பதில் மூன்று பேர் மறுத்தால் இன்னொரு நாள் கூடலாம் என்பார்கள்.

ஹைகோர்ட் அப்பீல் தள்ளுபடியானது. பிறகு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். டி. ஏ. மதுரம் அம்மையார் நாடகக் குழுவை விடாமல் நடத்தி, அந்த வருமானத்தில் கணவருக்காக வழக்கு நடத்தியதைத் தனியாகவே எழுத வேண்டும், பிறகு பார்க்கலாம். பிரிவி கவுன்சில் அப்பீலை மறுபடி கேட்கும்படி சென்னைக்கே திருப்பியது. எத்திராஜ் வாதாடினார். இன்று பெண்கள் கல்லூரிக்குப் பெயராக இருக்கிறாரே, அதே வக்கீல் எத்திராஜ்தான். நீதிபதிகள் ஹாப்பல், ஷஹாபுதீன் இருவரும் 1947 ஏப்ரலில் விடுதலை செய்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தாகிவிட்டது. அதில் பெரும்பகுதி நாட்கள் சென்னை பிராட்வே தியேட்டரில் ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று தீபாவளி கண்ட படம் என்று பெருமையாகச் சொல்கிறோம். இரண்டாம், மூன்றாம் தீபாவளிக்குக் கதாநாயகன் ஜெயிலில்.

கிருஷ்ணன் வெளியே வந்து மறுபடி சிரிக்க வைத்தார். பாகவதரால் முடியவில்லை. ஒப்பந்தமான படங்கள் போயின. ‘ராஜ முக்தி’ 1948இல் வந்தது. பெயர்ப் பொருத்தம் இருந்தது, ஓட்டம் இல்லை. சர்க்கரை வியாதி, பார்வைக் குறைவு. 1959 நவம்பர் 1ஆம் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். லட்சுமிகாந்தன் இறந்த அதே ஆஸ்பத்திரி. அடக்கம் திருச்சியில். மாமா சங்கிலியாண்டபுரத்துக்கு வருஷத்துக்கு ஒரு முறை போய் வருவார்.

“போலீஸ்காரன் ஜோடிச்ச கேசு” என்பது மாமாவின் கட்சி. கடைசி வரை அதில் மாற்றமில்லை. யார் சொன்னார்கள், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், “ஊரே சொல்லிச்சு” என்பார். லட்சுமிகாந்தன் யார் யாருடைய ரகசியத்தையெல்லாம் வைத்திருந்தார், அதில் பாகவதரைவிடப் பெரிய ஆட்கள் இருந்தார்கள், அவர்களைத் தொட முடியாமல் இவர்களைத் தொட்டார்கள் என்று அந்தக் காலத்தில் பேச்சு இருந்தது உண்மை. அந்தப் பேச்சுக்கு நிரூபணம் எங்கும் வரவில்லை என்பதும் உண்மை. மாமாவிடம் இந்த இரண்டாவது உண்மையைச் சொன்னால் அன்றைக்குக் காப்பி கிடைக்காது.

அம்மா ஒரு தடவை, அடுப்படியிலிருந்து, வேறு ஒன்று சொன்னாள். “அந்த லட்சுமிகாந்தனும் ஒருத்தி பெத்த புள்ளதானே. அவனைக் குத்தச் சொன்னது யாருன்னு இவங்க ஒருத்தரும் கேட்கலையே” என்றாள். மாமா பதில் சொல்லவில்லை.

எனக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும். அம்மா சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. நீங்களே யோசித்துப் பாருங்கள். வழக்கின் பெயர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. ஆனால் நாம் எல்லோரும் அதை பாகவதர் கதையாகத்தான் சொல்கிறோம். நானும் இதுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். 1947இல் இருவரும் விடுதலையானதும் ஜனங்கள் நிம்மதியாகிவிட்டார்கள். இவர்கள் ஏவவில்லை என்றால் ஏவியது யார் என்ற கேள்விக்கு இன்று வரை பதில் இல்லை. நாலு மாதத்தில் சுதந்திரம் வந்தது. அவரவருக்கு வேறு வேலை இருந்தது.

மாமாவின் போலீஸ் சந்தேகத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நம் சென்னை ராஜதானிக்கு இதில் பழைய சரித்திரம் உண்டு. 1855இல் இங்கே ஒரு விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. பெயரே சித்திரவதைக் கமிஷன். வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் அரசு ஆட்களே ஜனங்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று அது எழுதியது. அப்போது தாலுகாவில் தாசில்தார்தான் போலீசுக்கும் தலைவர். தாலுகா ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிய நான் இதை முதலில் படித்தபோது, நம் மூதாதையர் லட்சணம் இதுவா என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் 1859இல் போலீஸ் சட்டம் வந்து இரண்டு இலாக்காவும் பிரிந்தன. 1872இல் சாட்சியச் சட்டம் வந்தது. அதன் 25ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்கிறது. வெள்ளைக்காரன் தன் சொந்தப் போலீசை நம்பாமல் எழுதிய பிரிவு. நாம் அதை விடவில்லை. 2024இல் அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் எண்ணை மாற்றி உள்ளே வைத்துக்கொண்டோம்.

இவ்வளவு சொன்னதும் பேரன் அவன் பாட்டுக்காரர்கள் கதையை எடுத்தான். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, பிறகு நானும் படித்துப் பார்த்தேன்.

டூபாக் ஷகூர், 1996 செப்டம்பர் 7, லாஸ் வேகாஸ் நகரம். குத்துச்சண்டை பார்த்துவிட்டுக் காரில் வருகிறார். சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற வெள்ளைக் காரிலிருந்து சுட்டார்கள். ஆறு நாளில் இறந்தார். வயது 25. ஆறு மாதம் கழித்து, 1997 மார்ச் 9, லாஸ் ஏஞ்சல்ஸ். நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. என்ற பெயரில் பாடிய கிறிஸ்டோபர் வாலஸ். இவர் டூபாக்குக்கு ஒரு காலத்தில் நண்பர், பிறகு எதிரி. இவரையும் காரில் வைத்தே சுட்டார்கள். வயது 24. இரண்டு வாரம் கழித்து இவருடைய இசைத்தட்டு வெளிவந்தது. அதன் பெயருக்குத் தமிழில் ‘மரணத்துக்குப் பின் வாழ்க்கை’ என்று அர்த்தம். ‘ராஜ முக்தி’யை நினைத்துக்கொண்டேன்.

டூபாக் வழக்கில் 2023 செப்டம்பரில் ஒருவரைக் கைது செய்தார்கள். அவர் குற்றத்தை மறுக்கிறார். வாலஸ் வழக்கில் அதுவும் இல்லை.

ரஸ்ஸல் பூல் என்ற துப்பறியும் அதிகாரி வாலஸ் கொலையை விசாரித்தார். அவருக்குத் தன் இலாக்காவிலேயே சில ஆட்கள் மேல் சந்தேகம் வந்தது. டேவிட் மாக் என்ற போலீஸ்காரர் 1997இல் ஒரு வங்கியைக் கொள்ளையடித்து ஜெயிலுக்குப் போனவர். அவருடைய சகா ரஃபேல் பெரஸ், போலீஸ் காவலில் சாட்சிப் பொருளாக இருந்த கொக்கேயினைத் திருடிப் பிடிபட்டவர். இந்தப் பெரஸ் வாய் திறந்ததில்தான் ராம்பார்ட் ஊழல் என்று பெரிய விவகாரம் வெடித்தது. பொய்ச்சாட்சி, ஜோடித்த வழக்கு என்று நூற்றுக்கும் மேற்பட்ட தண்டனைகளைக் கோர்ட் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. இப்படிப்பட்டவர்களுக்கும் பாடகர் கொலைக்கும் தொடர்பு உண்டா என்று தோண்ட வேண்டும் என்றார் பூல். மேலதிகாரிகள் விடவில்லை என்று சொல்லி 1999இல் வேலையை விட்டார். கொலையில் அந்த இருவர் மேலும் வழக்கு எதுவும் வரவில்லை. சந்தேகம் சந்தேகமாகவே நிற்கிறது. பூலின் கணக்கு தப்பு என்று சொல்கிற அதிகாரிகளும் உண்டு. 2015இல், இதே வழக்கைப் பற்றி அதிகாரிகளிடம் பேசப் போன இடத்தில் பூலுக்கு மாரடைப்பு வந்து இறந்தார்.

வாலஸின் தாயாரும் குடும்பமும் நகர நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2005இல் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, எதிர்த்தரப்புக்குக் கொடுத்திருக்க வேண்டிய காகிதங்கள் கொடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. ஜெயில் கைதி ஒருவன் சொன்ன தகவல். அந்தப் போலீஸ்காரர்கள் பெயர் அதில் வந்தது. காகிதம் எங்கே இருந்தது? ஒரு துப்பறியும் அதிகாரியின் மேஜை டிராயரில்! மறந்துவிட்டேன் என்றார். நீதிபதி நம்பவில்லை. விசாரணையை ரத்து செய்து, குடும்பத்தாருக்கு ஆன செலவுக்காகப் பதினோரு லட்சம் டாலர் கட்டும்படி நகரத்துக்கு உத்தரவிட்டார். வழக்கு பிறகும் இழுத்து 2010இல் முடிவில்லாமல் முடிந்தது.

பேரனுக்கு அந்த டிராயர் ஒரு வேடிக்கை. எனக்கு அது வேடிக்கையாக இல்லை. அதற்குக் காரணத்தை அவனுக்கு அன்று சொன்னேன். இதுவரை என் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த கதையைப் பழைய பதிவுகளில் எழுதியிருக்கிறேன். அப்பா அங்கே கோர்ட் ஆபீசில் எழுத்தர். பிரெஞ்சு முறையில் ஒரு வழக்குக் கட்டுக்குள் வரும் ஒவ்வொரு காகிதத்துக்கும் வந்த வரிசைப்படி ஓர் அடையாள எண் விழும். அதற்குக் ‘கோத்’ என்று பெயர். எண் விழுந்த பிறகு அந்தக் காகிதம் கடவுளுக்குச் சமம் என்பார் அப்பா. பள்ளிக்கூடத்தில் டிரெய்ஃபஸ் வழக்கைப் பாடமாக நடத்தினார்கள். 1894இல் டிரெய்ஃபஸ் என்ற ராணுவ அதிகாரியைத் தேசத்துரோகி என்று தீர்ப்பளித்து டெவில்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள். அவருக்கும் அவர் வக்கீலுக்கும் காட்டாமல் நீதிபதிகளிடம் மட்டும் ஓர் இரகசியக் கட்டைக் கொடுத்து வாங்கிய தீர்ப்பு அது. எழுத்தாளர் ஸோலா 1898இல் பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதி நாட்டையே உலுக்க வேண்டி வந்தது. டிரெய்ஃபஸ் நிரபராதி என்று தீர்ப்பாக 1906 ஆயிற்று. அன்று வீட்டுக்கு வந்து இதை ஒப்பித்தபோது அப்பா, “பார்த்தாயா, எண் போடாத காகிதம்” என்றார்.

அப்பா போன பிறகு அம்மாவின் ஊரான இங்கே வந்து, தமிழில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, பரீட்சை பாஸ் செய்து குமாஸ்தாவானேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு தாலுகா அலுவலகத்தில் மேஜிஸ்டீரியல் பிரிவு என் இருக்கை. சந்தேக மரணம் என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ஆம் பிரிவில் போலீஸ் விசாரித்த காகிதங்களின் நகல் எங்களுக்கு வரும். அப்படி ஒன்று வந்தது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் வேஷம் கட்டுபவர். பாகவதர் பாட்டுகளை அச்சாகப் பாடுவார் என்று நாலு ஊரில் பெயர். ஒரு கிராமத்தில் திருவிழா நாடகம் முடிந்த மூன்றாம் நாள் வயல் கிணற்றில் மிதந்தார். குடித்துவிட்டுத் தவறி விழுந்தார் என்று அறிக்கை.

தபால் பதிவேட்டில் ஏற்றும்போது முழுக்கப் படிப்பது என் வழக்கம். பதினொரு பக்கம். எட்டாம் பக்கம் ஆர்மோனியக்காரர் வாக்குமூலம். பாக்கிச் சம்பளம் கேட்டதில் ஊர்ப் பெரிய கை ஒருவரோடு வாய்த்தகராறு. அன்று இரவு அவருடைய ஆட்கள் இரண்டு பேர் ராஜபார்ட்டைப் பேசலாம் வா என்று கிணற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன் என்று அரைப் பக்கம்.

ஒரு வாரம் கழித்துக் காவலர் ஒருவர் வந்தார். கட்டில் ஏதோ திருத்தம் இருக்கிறதாம். தலைமை எழுத்தர் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தது. ஏழுக்கு அடுத்து ஒன்பது.

தலைமை எழுத்தரிடம் போய் நின்றேன். அவர் நிமிரவே இல்லை. “எட்டு இல்லேன்னா ஒன்பதை எட்டாக்குய்யா. சிவப்பு மையில எழுது” என்றார்.

எழுதினேன். ஒன்பது எட்டாயிற்று, பத்து ஒன்பதாயிற்று, பதினொன்று பத்தாயிற்று. அடித்துத் திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது விதி. விதிப்படி மூன்று இடத்திலும் என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். மேல் நடவடிக்கை தேவையில்லை என்று குறிப்பு எழுதி வைத்ததும் நான்தான். கட்டு ஆவண அறைக்குப் போயிற்று. சில வருஷம் வைத்திருந்து அழித்துவிடும் வகை.

அதற்கப்புறம் வாரிசுச் சான்றிதழுக்காக அந்த அம்மாள் வந்தார். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒன்று. காகிதத்தை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். “அய்யா, ஆர்மோனியக்காரர் சொன்னதையெல்லாம் எழுதியிருக்காங்களா?” என்று கேட்டார்.

“எல்லாம் எழுதியிருக்கும்மா” என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்க ஏன் தாத்தா யார்கிட்டயும் சொல்லல?” என்று கேட்டான். உன் அப்பன் அப்போதுதான் பிறந்திருந்தான், வேலை நிரந்தரமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்று சொன்னேன். இரண்டும் நிஜம்தான். தலைமை எழுத்தர் ஓய்வு பெற்று, காலமாகி, எல்லாம் முடிந்த பிறகும் இருபது வருஷம் அதே சர்வீசில் இருந்தேனே, அப்போது ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

“அவர் பேர் என்ன?” என்றான்.

சொன்னேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிள்ளைகள் இன்னமும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்பதால் இங்கே எழுதவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு இப்போது ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். அவர்களில் ஒருவரை அரியலூர் பேருந்து நிலையத்தில் பார்க்கிறேன், பழக்கடை வைத்திருக்கிறார். கொய்யா வாங்குவேன். போன வாரமும் வாங்கினேன். இன்னும் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ‘இந்து நேசன்’ இதழ் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. லட்சுமிகாந்தன் கடைசி மாதங்களில் யாரைப் பற்றி என்னென்ன எழுதினார் என்று படித்துப் பார்க்க ஆசை. உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், கட்டுக் கட்டாகப் பழைய காகிதம் இருந்தால் எடைக்குப் போடுமுன் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். கிடைத்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். பக்கம் ஏதாவது கிழிந்து போயிருந்தால் அதையும் குறித்து அனுப்புங்கள்.